பால் கட்டிக்கிட்டே இருக்கா? நாலு தடவ காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சவ சொல்றேன்

என் பையனுக்கு இப்ப பதினொரு மாசம். இந்த பதினொரு மாசத்துல எனக்கு நாலு தடவ பால் கட்டி காய்ச்சல் வந்துச்சு, அதுல மூணாவது தடவ சீழ் புடிச்சு ஊசி போட்டு ரெண்டு தடவ உறிஞ்சி எடுத்தாங்க. கட்டி மட்டும் வந்துட்டு தானா போனது எத்தன தடவன்னு நான் எண்ணவே இல்ல. ஒவ்வொரு தடவையும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, நானும் எல்லாத்தையும் செஞ்சேன், இன்னும் மோசமாச்சு. நாலாவது தடவதான் ஒரு டாக்டரம்மா உக்கார வச்சு, "நீ பண்றதுதாம்மா இத வர வைக்குது"ன்னு புரிய வச்சாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசமா காய்ச்சல் இல்ல. நான் மருத்துவர் கிடையாது, ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவ. என்ன பண்ணணும், எப்ப ஓடணும், கையில என்ன எடுத்துட்டு போகணும், எவ்வளவு செலவாகும்னு நான் தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கையில குழந்தையையும் ஒரு கையில போனையும் வச்சுக்கிட்டு தேடிட்டு இருக்கற பொண்ணுங்களுக்காகத்தான் இது.

1. வந்திருக்கறது எதுன்னு மொதல்ல பாருங்க

எல்லாத்தையும் நாம "பால் கட்டிக்கிச்சு"ன்னு ஒரே பேர்ல சொல்லிடறோம். ஆனா மூணும் வேற வேற.

பிரசவமாகி மூணாவது நாலாவது நாள் ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி ஆகறது, பால் இறங்கறப்ப வர்ற வீக்கம். ரெண்டு மூணு நாள்ல தணிஞ்சுடும்.

ஒரு பக்கம் மட்டும் ஒரு இடத்துல நெல்லிக்காய் மாதிரியோ இல்ல வெரல் நீளத்துக்கோ கட்டி, தொட்டா வலி, ஆனா காய்ச்சல் இல்லன்னா அது பால் குழாய் அடைப்பு. அடைப்புன்னு நாம சொல்றோமே ஒழிய, உள்ள தயிர் மாதிரி எதுவும் திரண்டு போய் அடைச்சுக்கிட்டு நிக்கல. குழாய சுத்தி இருக்கற சதை வீங்கி குழாய நெருக்குது, அதனால பால் வர மாட்டேங்குது. இத மனசுல போட்டு வச்சுக்கங்க, கீழ சொல்ற எல்லாமே இதுல இருந்துதான் வருது.

மூணாவது, கட்டியோட சேத்து 38.5 டிகிரி செல்சியஸுக்கு (ஃபாரன்ஹீட்ல 101.3) மேல காய்ச்சல், குளிரு, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. இதுதான் மாஸ்டைட்டிஸ். எனக்கு மொத தடவ வந்தப்ப டெங்குன்னு நெனச்சு ரத்தம் டெஸ்ட் பண்ண போய்ட்டேன்.

இங்க ஒரு விஷயம் யாருமே சொல்ல மாட்டாங்க. எல்லா போட்டோலயும் வெள்ளக்கார பொண்ணு மார்புல செக்கச்செவேல்னு ஒரு திட்டு காட்டுவாங்க. நம்ம கலருக்கு அப்படி தெரியாது. எனக்கு செவப்பே தெரியல, அந்த எடம் மட்டும் கொஞ்சம் கருத்து, எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இழுத்துக்கிட்டு இருந்துச்சு, புறங்கைய வச்சா மத்த எடத்த விட சூடு. செவக்கலயேன்னு ஒரு நாள் முழுக்க சும்மா இருந்துட்டேன். நீங்க கலரப் பாக்காதீங்க, சூட்டப் பாருங்க. வீட்ல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கண்டிப்பா வேணும்.

2. "அழுத்தி எடு, காலி பண்ணு"ங்கற பேச்ச காதுல வாங்காதீங்க

நான் ஏமாந்ததே இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

எனக்கு மொத தடவ வந்தது பத்தொம்பதாவது நாள், அம்மா வீட்ல இருந்தேன். அம்மா வெந்நீர் ஒத்தடம் குடுத்தாங்க, பக்கத்து வீட்டு ஆயா வந்து தேங்காண்ணெய் தடவி கட்டைவெரலால அழுத்தி அழுத்தி உருவி விட்டாங்க, நான் தலகாணிய கடிச்சுக்கிட்டு அழுதேன். உருவுனதுல கொஞ்சம் பால் பீச்சி அடிச்சுது, எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் அந்த எடமே கன்னிப்போய் கட்டி ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. ரெண்டாவது தடவ, ஏழாவது வாரத்துல, ஒரு ஆஸ்பத்திரில போனா அங்க ஒரு சிஸ்டரும் அதேயேதான் பண்ணாங்க, கூடவே "ஒவ்வொரு தடவ குடிச்சு முடிச்சதும் பம்ப் போட்டு சொட்டு இல்லாம காலி பண்ணிடு"ன்னு அனுப்பினாங்க. நானும் சொன்னபடி கேக்கற பொண்ணு, நாளைக்கு ஆறு தடவ பம்ப் பண்ணேன். ஃப்ரீஸர் பூரா பால் பாக்கெட். என்னமோ சாதிச்ச மாதிரி போட்டோ எடுத்து நாத்தனாருக்கெல்லாம் அனுப்பினேன். பதினோராவது வாரம் சீழ்.

இறைக்கிற கிணறு ஊறும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களே, அதேதான். மார்பு காலியே ஆகாது. எடுக்க எடுக்க உடம்பு "ஓஹோ, இன்னும் வேணும் போல"ன்னு இன்னும் சுரக்கும். சுரக்கறது கூடினா உள்ள நெரிசல் கூடும், வீங்குன குழாய் இன்னும் நெருங்கும். அழுத்தி தேச்சா சதையில ரத்தம் கட்டி வீக்கம் ஏறும். வெந்நீர் சிலருக்கு எதமா இருக்கும், ஆனா ஏற்கெனவே வீங்கிக் கெடக்கற எடத்துக்கு ரத்த ஓட்டத்த இன்னும் கூட்டி விடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின்னு தாய்ப்பால் மருத்துவத்துக்குன்னே இருக்கற சர்வதேச டாக்டர்கள் சங்கம், அவங்களோட 36வது வழிமுறைய 2022ல திருத்தி எழுதினப்ப இதத்தான் சொன்னாங்க. ஆழமா மசாஜ் வேண்டாம், கூடுதலா பம்ப் வேண்டாம், ஐஸ் வைங்க, குழந்தைக்கு எப்பவும் போல குடுங்க. அதுக்கு முன்னாடி படிச்சு வந்தவங்க நிறைய பேரு இன்னும் பழைய மாதிரியேதான் சொல்லிக் குடுக்கறாங்க, அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. ஆனா உங்க மேல யார் கைய வைக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அழுத்த வந்தா "வேண்டாம்ங்க, வலிக்குது"ன்னு கைய தள்ளி விடுங்க. வெக்கப்படாதீங்க.

3. கட்டி தட்டுப்பட்ட நேரத்துல இருந்து மணிக்கணக்கு

மொத வேலையா மணியப் பாத்து எழுதி வைங்க. அப்புறம் இப்படி போங்க.

*உடனே:* அந்தப் பக்கம் குழந்தை எப்பவும் குடிக்கற நேரத்துக்கு குடுங்க. அந்தப் பால் குழந்தைக்கு கெடுதல் பண்ணாது, காய்ச்சல் இருந்தாலும் குடுக்கலாம். ருசி கொஞ்சம் உப்பு கரிக்கும், சில குழந்தைங்க மொகத்த சுளிக்கும், அவ்வளவுதான். திடீர்னு அந்தப் பக்கத்த நிறுத்தினாதான் சீழ் கட்டற ஆபத்து கூடும். அதுக்காக கட்டி இருக்கேன்னு அந்தப் பக்கமே திரும்பத் திரும்ப குடுக்கவும் வேண்டாம்.

*ஐஸ்:* ஐஸ் கட்டிய ஒரு கர்ச்சீப்ல மடிச்சு பத்து நிமிஷம், மணிக்கு ஒரு தடவகூட வைக்கலாம். என் ஃப்ரிட்ஜ்ல பச்சப் பட்டாணி பாக்கெட் இருந்துச்சு, அது மார்பு வளைவுக்கு நல்லா படிஞ்சு உக்காந்துக்கும், ஐஸ விட அதுதான் வசதி. ஈரத்துணி ஒண்ணு நடுவுல இருக்கட்டும், நேரா தோல் மேல வைக்காதீங்க.

இதுக்கு வீட்ல ஒரு போராட்டம் இருக்கு, தயாரா இருங்க. எங்க அத்தை பட்டாணி பாக்கெட்ட பாத்துட்டு, "ஏம்மா, பச்ச ஒடம்புக்காரி, ஜன்னி கண்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது? புள்ளைக்கும் சளி புடிக்கும்"னு பாக்கெட்ட புடுங்காத குறை. நான் வாக்குவாதம் பண்ணல, "அத்தை, கால் பிசகுனா என்ன வைக்கறோம்? அதேதான் இதுவும், வீக்கம்"னு சொன்னேன். கால் வீக்கம்னதும் அவங்களுக்கு புரிஞ்சுடுச்சு. மேல ஐஸ் வச்சா உள்ள பால் குளுந்து போய் குழந்தைக்கு சளி புடிக்காது, பால் எப்பவும் உடம்பு சூட்டுலதான் வரும். கண்ணு பட்டுடுச்சுன்னு சாயந்திரம் மொளகா உப்பு வச்சு சுத்திப் போட்டாங்க, போடட்டும், அதுக்கும் பட்டாணிக்கும் சண்டை இல்ல.

*மாத்திரை:* பாராசிட்டமால், இபுப்ரோஃபென் ரெண்டுமே பால் குடுக்கறப்ப சாப்பிடலாம்னு ஏத்துக்கிட்ட மாத்திரைங்கதான். வீக்கத்துக்கு வேல செய்யறது இபுப்ரோஃபென். ஆனா அல்சர், கிட்னி பிரச்சினை, ஆஸ்துமா, பிரசவத்துல பிபி ஏறுனவங்க எல்லாம் டாக்டர கேக்காம இத தொடாதீங்க, மத்தவங்களும் வெறும் வயித்துல போடாதீங்க. எவ்வளவு, எத்தன வேளைன்னு போன்லயாவது உங்க டாக்டர கேட்டுக்கங்க.

*தடவறது:* அழுத்தாம, குழந்தை தூங்கறப்ப நெத்திய தடவி விடுவோமே அந்த பலத்துல, காம்புல இருந்து அக்குள் பக்கமும் காரை எலும்பு பக்கமும் தோல மட்டும் தடவுங்க. காம்ப நோக்கி இல்ல, அதுக்கு எதிர்ப்பக்கம். நீர் வடியறதுக்குத்தான் இது.

*24 மணி நேரம்:* இதெல்லாம் செஞ்சும் காய்ச்சல் எறங்கலன்னா, இல்ல வலி கூடிக்கிட்டே போனா டாக்டர்கிட்ட போங்க. "நாளைக்கு பாப்போம், ஞாயித்துக்கிழமை யாரு இருப்பா"ன்னு நான் தள்ளிப் போட்டதுதான் மூணாவது தடவ எனக்கு சீழ்ல கொண்டு போய் விட்டுச்சு.

*காத்திருக்கவே கூடாதது:* உடம்பு தூக்கித் தூக்கிப் போடற குளிரு, மயக்கம், நெஞ்சு படபடப்பு, காம்புல வெடிப்போட சீழ், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல காய்ச்சலோட வீக்கம், பிரசவமாகி மொத ரெண்டு வாரத்துக்குள்ள அதிக காய்ச்சல். இதுல எது இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் கெளம்பிடுங்க. தமிழ்நாட்டுல 104க்கு போன் பண்ணா மருத்துவ ஆலோசனை கெடைக்கும், வண்டி வேணும்னா 108.

4. டாக்டர்கிட்ட போறப்ப பையில என்ன இருக்கணும்

தடவைக்கு ஒரு டாக்டர்கிட்ட போனா ஒவ்வொருத்தரும் மொத தடவ வந்த மாதிரியே பாப்பாங்க. திரும்ப திரும்ப வருதுங்கறத நீங்கதான் காகிதத்துல காட்டணும்.

ஒரு நாப்பது பக்க நோட்டு போடுங்க. தேதி, எந்தப் பக்கம், எந்த எடம். எடத்த கடிகாரம் மாதிரி எழுதுங்க: "வலது, 10 மணி". அதுக்கு முந்தின ரெண்டு நாள் என்ன நடந்துச்சு, காய்ச்சல் எவ்வளவு, என்ன மாத்திரை எத்தன நாள். நான் நாலாவது தடவதான் இத எழுதினேன். எழுதி பாத்தா நாலுல மூணு அதே வலது பக்கம், மூணுமே ஏதாவது விசேஷத்துக்கு போய்ட்டு வந்த மறுநாள். கல்யாணத்துக்கு போட்ட பிளவுஸ்தான் காரணம்! கர்ப்பத்துக்கு முன்னாடி தெச்ச பட்டு பிளவுஸ், ஊக்கு மாட்ட மூச்ச புடிக்கணும், காலைல எட்டுல இருந்து சாயந்திரம் வரைக்கும் அதுலயே இருந்தா என்ன ஆகும்.

கூட எடுத்துட்டு போக வேண்டியது:

- பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி
- இதுவரைக்கும் எழுதின எல்லா மருந்துச்சீட்டும், காலி மாத்திரை அட்டையும்
- ஸ்கேன், கல்ச்சர் (பால்ல என்ன கிருமின்னு பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் இருந்தா அது
- குழந்தையோட தடுப்பூசி அட்டை. இது எதுக்குன்னு கேப்பீங்க, அதுலதான் எடை இருக்கும். என் பையன் ஒரே மாசத்துல 1.4 கிலோ ஏறியிருந்தான். அத பாத்துதான் டாக்டரம்மா "உனக்கு பால் பத்தாம இல்ல, ரொம்ப ஜாஸ்தி"ன்னு கண்டுபுடிச்சாங்க
- பம்ப் பண்றவங்க பம்போட அந்த புனல் பாகம்
- அரசு ஆஸ்பத்திரின்னா ஆதார், பிக்மி நம்பர் (அரசு கர்ப்பப் பதிவு நம்பர்) இருக்கற கர்ப்பகால அட்டை

முடிஞ்சா குழந்தையையும் தூக்கிட்டு போங்க, எப்படி வாய் வைக்கறான்னு நேர்ல பாக்கணும். மொதல்ல பிரசவம் பாத்த டாக்டர்கிட்டயே போங்க. சீழ்னா அவங்க சர்ஜன்கிட்ட அனுப்புவாங்க. அங்க ஒரு பொறி இருக்கு: "பால நிறுத்திடும்மா, எல்லாம் சரியாயிடும்"னு சட்டுனு ஒரு வார்த்தை வரும். பெரும்பாலும் நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல, சீழ் எடுத்த பக்கம்கூட குடுக்கலாம். "நிறுத்தாம பண்ண வழி இருக்கா டாக்டர்?"னு ஒரு தடவ கேளுங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்ல தாய்ப்பால் வங்கி இருந்தா அங்க பால் குடுக்கறதப் பத்தி சொல்லிக் குடுக்க ஆள் இருப்பாங்க, காசு கெடையாது.

5. ஆன்டிபயாடிக் எழுதினா

எல்லா கட்டிக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்ல, நிறைய சமயம் வெறும் வீக்கம்தான். ஆனா எழுதிட்டாங்கன்னா முழுசா முடிங்க, வழக்கமா 10ல இருந்து 14 நாள் சொல்லுவாங்க. ரெண்டாவது தடவ எனக்கு மூணாவது நாளே காய்ச்சல் போயிடுச்சு, நாலாவது நாள் நிறுத்திட்டேன், மிச்ச மாத்திரைய பத்திரமா எடுத்து வச்சு மூணாவது தடவ காய்ச்சல் வந்தப்ப யாரையும் கேக்காம அதையே போட்டேன். ரெண்டுமே தப்பு. மெடிக்கல் ஷாப்ல போய் "பால் கட்டிக்கிச்சு, ஏதாவது குடுங்க"ன்னு மூணு நாள் மாத்திரை வாங்கறதும் இதே கதைதான்.

க்ளாக்ஸசிலின், செஃபலெக்சின், அமாக்ஸிசிலினும் க்ளாவுலனேட்டும் சேந்தது, இதெல்லாம் பால் குடுத்துக்கிட்டே சாப்பிடறதுதான். குழந்தைக்கு கொஞ்சம் தண்ணியா போகலாம், பயப்படாதீங்க. பென்சிலின் அலர்ஜி இருந்தா மொத வார்த்தையா அத சொல்லிடுங்க.

மாத்திரை ஆரம்பிச்சு 48 மணி நேரத்துல குறையலன்னா திரும்ப போகணும், கோர்ஸ் முடியட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது.

6. ஸ்கேன், கல்ச்சர்: எப்ப, எவ்வளவு

48 மணி நேரத்துல குறையலன்னாலோ, கட்டி தொட்டா உள்ள தண்ணி பை மாதிரி தளும்புனாலோ மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கணும். எனக்கு தனியார்ல 1,100 ரூபாய் ஆச்சு, அன்னிக்கே ரிப்போர்ட். சீழ் இருந்துச்சு. கத்தி வச்சு கீறணும்னு நெனச்சு நடுங்கிட்டு போனேன், ஆனா ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மரத்துப்போற ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துட்டாங்க. மூணு நாள் கழிச்சு மிச்சம் இருந்தத இன்னொரு தடவ. பெரிய கட்டியா இருந்தாதான் கீற வேண்டி வரும், அதனால சீக்கிரம் போறது உங்களுக்குத்தான் லாபம்.

ரெண்டு தடவைக்கு மேல வந்துட்டா பால் கல்ச்சர் கேளுங்க, அவங்களா சொல்லலன்னாலும் கேளுங்க. எந்தக் கிருமி, அதுக்கு எந்த மருந்து கேக்கும்னு அதுலதான் தெரியும். எனக்கு 850 ரூபாய், ரிசல்ட் வர மூணு நாள். முடிஞ்சா அடுத்த ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. லேப்ல குடுக்கற மூடி போட்ட டப்பாதான், வீட்டு டப்பா கூடாது. கைய சோப்பு போட்டு கழுவி, காம்ப சுத்தம் பண்ணி, மொத கொஞ்சம் பால கீழ விட்டுட்டு அப்புறம் வர்றத டப்பால புடிக்கணும், டப்பா விளிம்பு தோல்ல படக்கூடாது.

முக்கியமானது ஒண்ணு: அதே பக்கம், அதே எடம், திரும்பத் திரும்ப வந்தா, இல்ல காய்ச்சல் போயும் கட்டி மட்டும் வாரக்கணக்குல கரையாம நின்னா, தோல் ஆரஞ்சு பழத் தோல் மாதிரி குழி விழுந்தா, இது பால் கட்டுதான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. காசநோய்கூட மார்புல வரும், அரிதா புத்துநோயும் இதே மாதிரி வேஷம் போட்டு வரும். ஸ்கேன் பாத்து இல்லன்னு தெரிஞ்சுட்டா நிம்மதி. பால் குடுக்கறப்பவே ஸ்கேன் எடுக்கலாம், போறதுக்கு முன்னாடி குழந்தைக்கு குடுத்துட்டு போங்க.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில காசு இல்லாமலே எல்லாம் முடியும், நேரம்தான் போகும். காலைல ஓபி சீட்டு போட சீக்கிரமே போயிடுங்க, குழந்தைய பாத்துக்க கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

7. திரும்ப வராம இருக்க வீட்ல மாத்த வேண்டியது

*வாய் வைக்கறது.* குழந்தை காம்ப மட்டும் சப்பக் கூடாது, சுத்தி இருக்கற கருவட்டம் நிறைய வாய்க்குள்ள போகணும், தாடை மார்புல அழுந்தி மூக்கு லேசா விலகி இருக்கணும். குடிச்சு விட்டதும் காம்பு லிப்ஸ்டிக் நுனி மாதிரி சாஞ்சு நசுங்கி இருந்தா சரியா புடிக்கலன்னு அர்த்தம். காம்பு வெடிப்பு ஆறலன்னா அது வழியா கிருமி உள்ள போகலாம். ரெண்டு மூணு வாரமா வெடிப்பு ஆறவே இல்லன்னா நாக்கு ஒட்டியிருக்கான்னு குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

*பம்ப் புனல்.* பெட்டிலயே வர்றது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். என் காம்ப ஸ்கேல் வச்சு அளந்தா 15. மூணு மாசம் அந்த பெரிய புனல்ல கருவட்டத்தையும் சேத்து உறிஞ்சி உறிஞ்சி வீங்க வச்சிருக்கேன். புனலுக்குள்ள போடற சின்ன சைஸ் ரப்பர் 350 ரூபாய்தான், மொதல்லயே வாங்கியிருந்தா எனக்கு ஒரு தடவையாவது மிச்சமாயிருக்கும். வேகத்த வலிக்காத அளவுக்கு வைங்க, ஜாஸ்தி வச்சா ஜாஸ்தி பால் வராது.

*துணி.* கம்பி வச்ச பிரா வேண்டாம். பிளவுஸ லூஸ் பண்ணக் குடுங்க, ரெண்டு தையல் பிரிச்சா போதும். நைட்டி ஜிப்ப பாதி எறக்கிட்டு அந்த விளிம்பு மார்ப அழுத்தற மாதிரி குடுக்கறது, குழந்தை கட்டற பெல்ட் வார், கைப்பை வார், எல்லாமே ஒரே எடத்துல தினமும் அழுத்தும். ராத்திரி ஒரே பக்கம் சரிஞ்சு தூங்கறதும் அப்படித்தான்.

*காம்பு நுனில வெள்ளப் புள்ளி.* பாக்க மரு மாதிரி இருக்கும், ஊசிய நெருப்புல காட்டி குத்தி விடுன்னு சொல்லுவாங்க. கையே வைக்காதீங்க. குத்தினா புண்ணாகி திரும்ப மூடிக்கும். டாக்டர் மேல தடவ களிம்பு குடுப்பாங்க.

*லெசித்தின் (கொழுப்பு வகை சத்து மருந்து).* திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு சோயா இல்ல சூரியகாந்தி லெசித்தின் ஒரு நாளைக்கு 5ல இருந்து 10 கிராம்னு அந்த 2022 வழிமுறைல இருக்கு, ஆனா ஆதாரம் அவ்வளவு பலமா இல்ல. எனக்கு டாக்டரம்மா எழுதினாங்க, ரெண்டு மாசம் சாப்பிட்டேன், மாசம் 900 ரூபாய் ஆச்சு. அதுதான் சரி பண்ணுச்சான்னு சத்தியம் பண்ண மாட்டேன். புனலும் பிளவுஸும் மாத்தினது அதே சமயத்துலதான்.

8. பால் ஜாஸ்தியா இருந்தா

குழந்தை வாய் வச்சதும் பொறையேறி விலகுறது, அடிக்கடி வயித்துல காத்து, பச்சையா நொரையா போறது, இன்னொரு பக்கம் துணிய நனைச்சுட்டே இருக்கறது, எடை சரசரன்னு ஏறுறது. இதெல்லாம் இருந்தா உங்களுக்கு கொறைக்கத்தான் வழி பாக்கணும். ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? தினமும் பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, பேறுகால லேகியம், கூடவே கடைல விக்கற பால் சுரக்கற பவுடர். சாப்பாடா நல்லதுதான், சாப்பிடுங்க. பவுடர மட்டும் நிறுத்துங்க. நான் ரெண்டு வேளை பவுடரும் குடிச்சுக்கிட்டு பால் கட்டுதேன்னு அழுதுட்டு இருந்தேன்.

பம்ப ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, அதுவும் கட்டும். நான் நாளைக்கு ஆறுல இருந்து, நாலு நாளைக்கு ஒண்ணா கொறைச்சு மூணு வாரத்துல நிறுத்தினேன். நடுவுல தாங்க முடியலன்னா கையால பாரம் கொறையற அளவுக்கு மட்டும் எடுங்க, ரெண்டு நிமிஷம், அதோட விட்டுடுங்க. மல்லிகைப்பூ வச்சு கட்டறது பால நெஜமாவே கொறைக்கும், 1988லயே பிரசவமான பொண்ணுங்ககிட்ட மருந்தோட ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அதனாலதான் சும்மா வச்சு பாப்போம்னு வைக்காதீங்கன்னு சொல்றேன், தேவைக்கு மேல கொறைஞ்சுட்டா திரும்ப ஏத்தறது கஷ்டம். ஒரு பக்கம் மட்டும் மணிக்கணக்குல குடுக்கற முறையும் டாக்டர் சொல்லாம வேண்டாம்.

ஜாஸ்தி இருக்கேன்னு பால் வங்கிக்கு தானம் குடுக்க பம்ப் பண்ணலாம்னு எனக்கும் தோணுச்சு. நல்ல மனசுதான், ஆனா அடிக்கடி காய்ச்சல் வந்துட்டு இருக்கறப்ப வேண்டாம், அந்த சமயத்துல அவங்களும் வாங்க மாட்டாங்க.

9. வேலைக்கு திரும்பறப்பவும், குழந்தை திடீர்னு ராத்திரி தூங்கறப்பவும்

என் நாலாவது தடவ வேலைக்கு போன மொத வாரத்துல வந்தது. 26 வாரம் லீவுல அஞ்சு மாசத்துலயே போயிட்டேன், காலைல ஒம்போதுல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் ஒரு தடவதான் பாத்ரூம்ல நின்னுக்கிட்டு எடுத்தேன்.

போறதுக்கு பத்து நாள் முன்னாடியே ஆபீஸ் நேரத்துக்கு தகுந்த மாதிரி வீட்ல பழகுங்க. குழந்தை அந்த நேரத்துல எத்தன தடவ குடிக்குமோ அத்தன தடவ எடுங்க, அதுக்கு மேல வேண்டாம். மகப்பேறு சலுகைக்கான சட்டப்படி குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும், வழக்கமான இடைவேளை போக, தினமும் ரெண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வாய்ல கேக்காம, சேர்ற அன்னிக்கே எச்ஆருக்கு மெயில்ல எழுதுங்க, எந்த ரெண்டு நேரம்னும் சேத்து. எனக்கு மெயில் அனுப்பின ரெண்டாவது நாள் ஸ்டோர் ரூம் சாவி கெடைச்சுது, அதுக்கு முன்னாடி வாய்ல கேட்டு மூணு நாள் சுத்தினேன். வெளியூர் போறப்ப பஸ் ஸ்டாண்டுல தாய்மார்கள் பாலூட்டும் அறை எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கங்க. பூட்டியிருந்தா டைம் கீப்பர் ரூம்ல சாவி கேளுங்க.

குழந்தை ஒரு நாள் திடீர்னு ஆறு மணி நேரம் தூங்கிடும், நீங்க காலைல எந்திரிச்சா பாறாங்கல்லு. குழந்தைய எழுப்ப மனசு வரலன்னா பாரம் கொறையற அளவு கையால எடுத்துட்டு ஐஸ் வச்சுட்டு படுங்க, முழுசா பம்ப் பண்ணா உடம்பு அந்த நேரத்துக்கு தினமும் சுரக்க பழகிடும்.

10. நிறுத்தறப்ப

இப்ப நான் இந்த கட்டத்துக்கு வரல, ஆனா டாக்டரம்மா சொன்னத எழுதி வச்சிருக்கேன். ஒரே நாள்ல வேப்பெண்ணெய் தடவி நிறுத்தறதெல்லாம் வேண்டாம். பகல்ல குழந்தை அவ்வளவா தேடாத ஒரு வேளைய மொதல்ல விடணும், நாலஞ்சு நாள் மார்பு பழகட்டும், அப்புறம் அடுத்தது. ராத்திரி வேளை கடைசி. நடுவுல கட்டி தட்டுப்பட்டா ஒரு வேளை திரும்ப குடுத்துட்டு ரெண்டு நாள் தள்ளிப் போடணும். நிறுத்தி ரெண்டு மூணு வாரம் கழிச்சும் கட்டி இருந்தா ஸ்கேன்.

பட்டாணி பாக்கெட் ரெண்டு வாங்கி வைங்க, ஒண்ணு உருகறப்ப இன்னொண்ணு ஆகும். மேல மார்க்கர்ல ஏதாவது எழுதிடுங்க, எங்க வீட்ல ஒரு தடவ குருமாவுக்கு போயிடுச்சு.